மூத்தவளும் உடன் வரட்டும்

கனடாவில் வாழும் அன்பர் ஒருவரின் கடிதம் சென்ற கிழமை எமக்குக் கிடைத்தது. அவருடைய பூர்வீகம் அனலைதீவு. ஐந்து வயதில் ஒரு மகள் உண்டு. இனி ஒரு மகவுக்கு வாய்ப்பில்லை என வைத்தியர் கூறிவிட்டமையால், இலங்கையில் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கத் தம்பதியர் தீர்மானித்திருக்கின்றனர். அவர் விடுத்துள்ள வினாக்கள் இரண்டு. மூத்தவளை உடன் அழைத்து வருவதா, அம்மம்மாவிடம் விட்டு வருவதா என்பது ஒன்று. குழந்தையை எடுத்து வளர்க்கும் செய்தியை ஊரிலுள்ள உறவினருக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்பது மற்றது. வேறு வேறு வினாக்கள் போலத் தோன்றினும், எமக்கு இவை ஒன்றாகவே படுகின்றன.

நம் முன்னோர் இக்காரியத்தை ஒளித்துச் செய்தவரல்லர். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தொகுத்த தேசவழமையில் தத்தெடுத்தலுக்கு ஒரு தனிப்பகுதியே உண்டு. பிறர் பிள்ளையைத் தம் வாரிசாக்க விரும்புவோர் முதலில் தம் உடன்பிறந்தார் முதலிய உரிமைக்காரரின் சம்மதத்தைப் பெறவேண்டும். சம்மதத்துக்கு அடையாளமாக மஞ்சள் நீரில் விரல் தோய்ப்பதும், தத்தெடுப்போர் அந்நீரைப் பருகுவதும் அச்சடங்கின் உறுப்புகள். சொத்துப் பிணக்கைத் தவிர்ப்பதே அதன் முதல் நோக்கம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அதன் பயனாக, அப்பிள்ளை வந்த வரலாற்றுக்கு உறவு முழுவதும் சாட்சியாயிற்று. இன்று அச்சடங்கு வழக்கொழிந்து, 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கத் தத்தெடுத்தற் கட்டளைச் சட்டமே நாட்டில் நடைமுறையில் உள்ளது.

வகுப்பில் மணிமேகலையைப் படிப்பிக்கும்போது மாணவர் மனத்தை மிகவும் வருத்துவது ஆபுத்திரன் கதை. பெற்றவளாகிய சாலி அவனைப் பிறந்த இடத்திலேயே விட்டுச் சென்றாள். ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிக் காத்தது. வழியிற் கண்ட இளம்பூதி என்னும் அந்தணன் தன் மகனாகவே எடுத்து வளர்த்து வேதமும் ஓதுவித்தான். பின்னொரு நாள் வேள்விக்கென நிறுத்திய பசுவை ஆபுத்திரன் விடுவிக்க, சினங்கொண்ட அந்தணர் அவன் பிறப்பை எடுத்துக்காட்டி இகழ்ந்தனர். அவன் அஞ்சவில்லை, முனிவர்களின் பிறப்பைக் காட்டிச் சிரித்தபடி விடையிறுத்தான். வளர்த்த தந்தையோ ஊராரின் சொல்லுக்கு நாணி அவனைக் கைவிட்டான். அதன் பின்னர்தான் அவன் வீடற்றவனானான். ஈற்றில் மணிபல்லவத்தில் உண்ணாதிருந்து உயிர் நீத்தான். அம்மணிபல்லவம் நயினாதீவே என்பது அறிஞர் பலரின் கொள்கை. அனலைதீவுக்கு அயற்றீவு அது. அன்பர் தம் இரண்டாவது வினாவுக்குரிய விடையை இக்கதையில் தேடிக்கொள்ளலாம்.

மறைவினால் விளைந்த கேட்டை நம் காலத்திலும் இந்நாடு கண்டது. 1970களிலும் 80களிலும் இலங்கைக் குழந்தைகள் பெருந்தொகையாக ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அத்தொகை 11,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. கொடுத்தோர் எல்லோரும் கொடியவரென்றோ, எடுத்தோர் எல்லோரும் குற்றவாளிகளென்றோ நாம் சொல்லமாட்டோம். ஆனால் அவற்றுட் பலவற்றிற் பிறப்புப் பத்திரம் பொய். தாயின் பெயர் பொய். தாயென்று சொல்லி நீதிமன்றத்தில் நிற்கக் கூலிக்குப் பெண்கள் அமர்த்தப்பட்டதும் உண்டு. வளர்ந்தபின் தாயைத் தேடி வந்த பிள்ளைகள், பத்திரத்திலுள்ள ஊரில் அப்படியொருத்தி இல்லை என்று கேட்டுத் திரும்பினர். 2020இல் சுவிற்சர்லாந்து அரசு தன் அதிகாரிகளின் தவறுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து அரசு மன்னிப்புக் கோரி, வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது. சாட்சிகளை வைத்துத் தத்தெடுக்கும் நம் வழமையை ஏட்டில் எழுதிவைத்தவர் நாட்டுக்கே, முந்நூறு ஆண்டுகளின் பின், சாட்சியற்ற பிள்ளைகள் போய்ச் சேர்ந்தனர்!

இலங்கையில் விதிகள் 1992இல் இறுக்கப்பட்டன. வெளிநாட்டுத் தத்தெடுப்புப் பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை முதலில் ஏற்றுறுதி செய்த மூன்று நாடுகளுள் இலங்கையும் ஒன்று. மற்றவை மெக்சிக்கோவும் ருமேனியாவும். ஆகவே அன்பர் செல்லவேண்டிய வழி இதுதான். முதலில் கனடாவில் தம் மாகாண அரசின் ஒப்புதலும், வீட்டுநிலை ஆய்வறிக்கையும் பெறவேண்டும். அவை அரச வழியாக இங்குள்ள நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்கு வரும். குழந்தையை ஒதுக்குவது அத்திணைக்களம்; கட்டளை வழங்குவது நீதிமன்றம். கணவனும் மனைவியும் நேரில் வரவேண்டும். “ஒரு பிள்ளை இருக்கிறது, உடனே வாருங்கள்” என்று எவரேனும் தொலைபேசியில் அழைத்தால், அவர் ஒன்றுவிட்ட சகோதரரேயாயினும் அவ்வழியிற் போகற்க.

இனி மூத்தவள். அழைத்து வருக என்பதே எம் கருத்து. ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணால் ஒருமுறை பார்ப்போம். தாயும் தந்தையும் பல கிழமைகள் காணாமற் போகிறார்கள். திரும்பும்போது அவர்கள் கையில் இன்னொரு குழந்தை இருக்கிறது. அவள் அதை எப்படி விளங்கிக்கொள்வாள்? உடன் வந்தவளுக்கோ அந்த இல்லத்தின் வாசலும் தொட்டிலின் நிறமும் குழந்தையைத் தூக்கித் தந்த பெண்ணின் முகமும் நினைவில் நிற்கும். தம்பியோ தங்கையோ பின்னாளில் “நான் எங்கேயிருந்து வந்தேன்?” என்று கேட்கும்போது, “நான் பார்த்தேன்” என்று சொல்ல வீட்டில் ஒருத்தி இருப்பாள்.

இலகுவான பயணமன்று. றொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் மாரியில் பத்தரை மணி நேரமும் வேறுபாடு. முதற்சில நாள்கள் பிள்ளை நள்ளிரவில் எழுந்து சோறு கேட்கும். நீதிமன்றத் தவணை தள்ளிப்போகலாம். ஆதலால் நாளைக் குறித்து அவளுக்கு வாக்குக் கொடுக்கவேண்டாம். விளையாட்டுத் துணை வருகிறது என்றும் சொல்லவேண்டாம். கைக்குழந்தை விளையாடாது, அழும். குழந்தையை வேறொரு அம்மா பெற்றாள், நாங்கள் வளர்க்கப்போகிறோம் என்பதைப் புறப்படுமுன்னரே சொல்லிவிடுக. பெற்றோர் இருவரும் நீதிமன்றில் நிற்கும் வேளையில் அவளைப் பார்க்க ஒருவர் வேண்டும். அம்மம்மாவால் இயலுமாயின் அவரும் வரட்டும். அவளுக்கு ஒரு கொப்பியும் நிறப் பென்சில்களும் வாங்கிக் கொடுத்து, கண்டதையெல்லாம் வரையச் சொல்லுங்கள். மூல பிறப்புப் பத்திரம், நீதிமன்றக் கட்டளை, தத்தெடுத்த பிள்ளைகள் பதிவேட்டின் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளோடு அந்தக் கொப்பியும் ஒரே பெட்டியில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்து நாள்கள் மிஞ்சினால் அனலைதீவுக்கும் ஒருமுறை போய்வரலாம். வாடைக் காற்றுக் காலமாயின் கைக்குழந்தையோடு ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறவேண்டாம். கடல் அடங்கிய நாளாகப் பார்த்து, காலை வெயில் ஏறுமுன் புறப்படுவது நன்று. இறங்குதுறையில் யாராவது ஓர் ஆச்சி நிச்சயம் கேட்பார், “இது ஆற்றை பிள்ளை?” என்று. அதற்கான விடையை மூத்தவளுக்கு வள்ளத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.