கமிஷன் வாங்குறது மட்டும் குத்தமாய்யா?

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் போன் பண்ணினா "மீட்டிங்ல இருக்கேன்"னு சொல்லிட்டுக் கட் பண்றவங்கதான் நம்மள்ல முக்காவாசிப் பேரு. டீக்கடைப் பேச்சுலயும் சரி, சினிமாவுலயும் சரி, ஏஜெண்ட்னாலே கல்யாணப் பந்தியில கூட ஃபார்ம் நீட்டுற ஆளு, கமிஷனுக்காக எதையும் நம்ம தலையில கட்டிடுவாருன்னு ஒரு பிம்பம். சரிங்க, கமிஷனுக்காகத்தான் செய்றாரு. நாம மட்டும் சம்பளம் வேண்டாம்னா ஆபீசுக்குப் போறோம்? அந்தக் கமிஷன் அவர் கைக்கு ஒழுங்கா வந்து சேருதான்னு யாராவது என்னிக்காவது யோசிச்சிருக்கோமா?

எங்க தெருவுல, பாளையங்கோட்டையில, ஒரு அண்ணாச்சி இருக்காரு. பதினாலு வருசமா ஹெல்த் இன்சூரன்ஸ்தான் பொழப்பு. மாசாமாசம் கம்பெனி அனுப்புற கமிஷன் ஸ்டேட்மெண்ட்டைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வருவாரு. நான் அதை எக்செல்ல போட்டு அவரோட டைரிக் கணக்கோட ஒத்துப் பார்த்துச் சொல்லணும். (எக்செல் தெரிஞ்சவன்னா தெருவுக்கே நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி, என்ன செய்ய.) ரெண்டு கணக்கும் சரியா பொருந்தின மாசங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

ஒரு பாலிசி ஸ்டேட்மெண்ட்லயே இருக்காது. கேட்டா "உங்க கோட்ல மேப் ஆகல சார், டிக்கெட் போட்டிருக்கோம்"பாங்க. இன்னொண்ணு 'ஹோல்டு'ல இருக்கும், எதுக்குன்னு அந்த பிராஞ்ச்ல யாருக்கும் தெரியாது. ஒரு தடவை பான் - ஆதார் இணைப்பு சரியில்லைன்னு சிஸ்டம் முடிவு பண்ணிடுச்சு. 2025 ஏப்ரல்லேர்ந்து 2 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டிய இடத்துல 20 சதவீதம் பிடிச்சுட்டாங்க. இணைப்பு எப்பவோ ஆயிடுச்சுன்னு அத்தாட்சியோட போனா, "அதான் வருமான வரி ரிட்டர்ன்ல திரும்ப வந்துடுமே அண்ணே"ன்னு பதில். வரும். அடுத்த வருசம் வரும். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் இந்த ஜூன்ல கட்டணுமே!

இதுல எனக்குப் பொறுக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. 1938ஆம் வருச இன்சூரன்ஸ் சட்டத்துல 64விபி-ன்னு ஒரு பிரிவு. பிரீமியம் முன்கூட்டியே கைக்கு வராம எந்தக் கம்பெனியும் ரிஸ்க்கை ஏத்துக்கக் கூடாதுங்கறதுதான் அதோட சாரம். அதாவது மளிகைக்கடை மாதிரி கடன் பாக்கியே இங்க கிடையாது. கஸ்டமர் காசு கொடுத்த பிறகுதான் பாலிசியே பொறக்குது. "பார்ட்டி இன்னும் செட்டில் பண்ணல, அதான் உங்களுக்கும் லேட்"டுன்னு சொல்ற சால்ஜாப்பு இந்தத் தொழில்ல செல்லாது. காசு கம்பெனி கணக்குல உக்காந்துகிட்டு இருக்கு, ஏஜெண்ட்டோட பங்கு மட்டும் டிக்கெட் நம்பரா அலையுது.

அடுத்தது ரின்யூவல். ஹெல்த் பாலிசி வருசா வருசம் புதுப்பிக்கறது. ஏஜெண்ட்டுக்குச் சோறு போடுறது முக்கியமா இந்தப் புதுப்பிப்புக் கமிஷன்தான். என்ன நடக்குதுன்னா, கெடு தேதிக்கு ஒரு மாசம் இருக்கறப்பவே கால் சென்டர்லேர்ந்து கஸ்டமருக்கு லிங்க் வந்துடுது. "ஆன்லைன்ல கட்டினா தள்ளுபடி சார்." அவரும் கட்டிடுவாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது. புது பாலிசி பேப்பர்ல ஏஜெண்ட் பேரு இருந்த இடத்துல 'டைரக்ட்'னு வந்துரும். பல வருசம் காப்பாத்தி வச்ச உறவு ஒரு க்ளிக்குல போச்சு.

போனது கமிஷன் மட்டும்தான், வேலை போகலைங்கறதுதான் கூத்து. அப்படி 'டைரக்ட்' ஆயிட்ட ஒரு குடும்பத்துல, போன மழைக்காலத்துல, அந்த வீட்டுப் பெரியவருக்கு ராத்திரி நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுகிட்டு அந்தப் பையன் முதல்ல போன் போட்டது யாருக்குங்கிறீங்க? கால் சென்டருக்கா? அண்ணாச்சிக்குத்தான். ராத்திரி பதினொன்றரைக்கு டி.வி.எஸ். ஃபிப்டியை உதைச்சுகிட்டு கிளம்பினாரு. பின்னாடி நான். இன்சூரன்ஸ் கவுண்ட்டர்ல முன் அனுமதி ஃபார்ம் நிரப்புறது, பழைய சுகர் மருந்துச் சீட்டைத் தேடச் சொல்றது, டி.பி.ஏ.லேர்ந்து "இந்த நோய் எத்தனை வருசமா இருக்கு"ன்னு கொக்கி போட்டுக் கேள்வி வந்தப்போ டாக்டரைப் பிடிச்சு ஒரு கடிதம் வாங்குறதுன்னு விடிய விடிய ஓட்டம். காலையில அனுமதி வந்துடுச்சு. அவருக்கு அதுல பைசா கிடையாது. கேட்டேன், "ஏன் அண்ணாச்சி, அதான் உங்க கோட்லயே இல்லையே?" "எலேய், அவரு என்னை நம்பித்தானல பாலிசி எடுத்தாரு"ன்னாரு. நான் வாயை மூடிகிட்டேன்.

எத்தனை பேரு இப்படி இருப்பாங்க? எல்லாரும் அண்ணாச்சி இல்ல. புதுப்பிப்புக் காசு நிச்சயம் இல்லைன்னு ஆயிட்டா ஒரு ஏஜெண்ட் என்ன செய்வாரு? பழைய கஸ்டமரை விட்டுட்டுப் புதுசு புதுசா பாலிசி விக்கத்தான் ஓடுவாரு. கிளெய்ம் நேரத்துல போன் எடுக்க மாட்டாரு. அடி கடைசியில நமக்குத்தான் விழும்.

இப்போ ஜி.எஸ்.டி. கதைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரத்து. நல்ல விஷயம், கை தட்டினோம். 25,000 ரூபாய் பிரீமியத்துக்கு 29,500 கட்டினவங்க இப்போ 25,000 கட்டினா போதும். ஆனா இதுல ஒரு சங்கதி. ஏஜெண்ட் கமிஷன் மேல உள்ள 18 சதவீத வரியை கம்பெனிதான் கட்டணும். முன்னாடி அதை உள்ளீட்டு வரி வரவா கழிச்சுக்குவாங்க. பாலிசிக்கே வரி இல்லைன்னு ஆன பிறகு கழிக்க முடியாது. உடனே பல கம்பெனிங்க கண்டுபிடிச்ச வழி: "இனிமே கமிஷன்ங்கறது வரியும் சேர்த்துதான்." 15 சதவீதம்னு வச்சா 25,000க்கு 3,750 வந்துகிட்டு இருந்தது. அதுக்குள்ளயே வரின்னா கைக்கு 3,178. டி.டி.எஸ். தனி. ஒரு பாலிசிக்கு 572 ரூபாய் அவுட். நமக்குக் கிடைச்ச சலுகைக்கு அண்ணாச்சி மொய் எழுதியிருக்காரு!

2023 மார்ச் வரைக்கும் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 15 சதவீதம்தான் உச்சவரம்பு. 2023 ஏப்ரல்ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதை எடுத்துட்டு, மொத்த நிர்வாகச் செலவுக்கு வரம்பு வச்சது: பொதுக் காப்பீட்டுக் கம்பெனிக்கு பிரீமியத்துல 30 சதவீதம், ஹெல்த் மட்டுமே பண்ற கம்பெனிக்கு 35. அதுக்குள்ள யாருக்கு எவ்வளவுன்னு கம்பெனி போர்டு முடிவு பண்ணிக்கலாம். காகிதத்துல இது ஏஜெண்ட்டுக்கு நல்லதுதான். நடைமுறையில பேரம் பேசத் தெம்பு உள்ள பெரிய ஆளுங்களுக்கு நல்லது. தனி ஏஜெண்ட் சட்டப்படி ஒரே ஒரு தனி ஹெல்த் கம்பெனிக்குத்தான் வேலை பார்க்க முடியும். அவரு போயி யாருகிட்ட பேரம் பேச?

சண்டை போடலாமேன்னா எங்க போய் போட? காப்பீட்டு ஒம்புட்ஸ்மேன், பீமா பரோசா எல்லாம் பாலிசிதாரருக்கான கதவு. தொழிலாளர் சட்டத்துக்குப் போனா, அவரு ஊழியரே இல்ல. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், எட்டாயிரம் ரூபாய் பாக்கிக்கு வக்கீல் ஃபீஸ் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். நமக்கு கிளெய்ம் தாமதமானா வங்கி விகிதத்துக்கு மேல 2 சதவீதம் வட்டி தரணும்னு விதி இருக்கு. அண்ணாச்சியோட ஏழு மாசப் பாக்கி வந்தப்போ வட்டின்னு எட்டணா வரல.

"ஏஜெண்ட்டுங்க மட்டும் யோக்கியமா?"ன்னு பின்னூட்டத்துல வருவீங்க. இல்லதான். பழைய நோயை மறைச்சு ஃபார்ம் எழுதுற ஆளுங்க இருக்காங்க. கமிஷன்ல பாதி தரேன்னு ஆசை காட்டுற ஆளுங்களும் இருக்காங்க, அது 41ஆவது பிரிவுப்படி தப்பு. அவங்க கோடை ரத்து பண்ணுங்க, யாரு வேண்டாம்னா? ஒழுங்கா இருக்கறவனுக்குக் காசு நிறுத்தி வைக்க அது காரணம் ஆகுமா?

நான் கேக்குறது பெரிசா ஒண்ணுமில்ல. பாலிசி நம்பர் வாரியா ஸ்டேட்மெண்ட், இந்தத் தேதிக்குள்ள காசு, தவறினா அதே 2 சதவீதக் கூடுதல் வட்டி. கஸ்டமர்கிட்ட தெளிவா கேட்காம ஏஜெண்ட் பேரைத் தூக்கக் கூடாது. அவ்வளவுதான்.

உங்க பாலிசி பேப்பரோட முதல் பக்கத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. ஏஜெண்ட் பேரும் கோடும் அங்க இருக்கணும். உங்களுக்காக ஓடுறவரு பேரு அதுல இல்லைன்னா, ரின்யூவல் தேதிக்கு முன்னாடியே கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில் தட்டி ஏன்னு கேளுங்க.