கரிசலின் கணக்கு

தாமிரபரணிக் கரை ஆண்டுக்கு இருபோகம் நெல் தருவது. கோவிற்பட்டிக் கரிசலோ ஐப்பசி மழையை நம்பி ஒருமுறையே விதைக்கப்படுவது. ஏக்கருக்கு இத்துணை வருவாய் என இரண்டையும் ஒப்பிட்டுக் கரிசலை வறிய நிலம் என்பர் சிலர். அவ்வளவுகோல் நேரியதன்று. வாய்க்கால் நீரின்றி, பெய்த மழையின் ஈரத்தையே திங்கள் பல காத்துப் பருத்தியை வளர்க்கும் மண் அது.

மேலும், அதன் விளைவு முழுவதும் அதன் கணக்கில் ஏறுவதில்லை. 1880களில் பாபநாசத்தில் ஆற்றுநீரின் விசையால் இயங்கும் நூலாலையை ஹார்வி நிறுவனத்தார் அமைத்தனர். கரிசற்பருத்தி ஆங்கு நூலாயிற்று. பஞ்சின் விலை மட்டுமே உழவனூரை அடைந்தது. நூற்றதனால் மிகுந்த மதிப்பு ஆலை நின்ற ஊரையே சேர்ந்தது. உழுதது ஓரூர், உயர்ந்தது ஓரூர்! இன்றைய மாவட்ட வருவாய்க் கணக்கும் இம்முறையினதே.

கரிசலுக்கு ஆறு ஒன்றும் புதிதாக வந்திலது. ஆயினும் கோவிற்பட்டியிலேயே பின்னர் நூலாலைகளும் தீப்பெட்டித் தொழிலும் எழுந்தன. அவ்வூர்க் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.