பொம்மைகள் வந்த விருந்து

பன்னிரண்டு பேரை அழைத்துவிட்டுக் காத்திருக்கையில் ஐந்தே பேர் வந்து நின்றால் எப்படி இருக்கும்? விருந்து வைத்துப் பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இஸபெல்லாவுக்கு நேர்ந்தது அதுதான். ஆனால் அவளுக்காக வருத்தப்படாதீர்கள். அவள் மனுஷியே அல்ல!

2023-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜூன் சங் பார்க் என்பவரும் அவருடைய சகாக்களும் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சிற்றூரைச் சிருஷ்டித்தார்கள். ஸ்மால்வில் என்று பெயர். ஜனத்தொகை 25. ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில், உறவு, ஞாபகம் எல்லாம் உண்டு. பேச்சுக்கு சாட்ஜிபிடி. காப்பிக் கடைக்கார இஸபெல்லாவிடம், "பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று விருந்து வை" என்று மட்டும் சொல்லிவைத்தார்கள். மற்றதெல்லாம் அவள் பாடு. அழைப்பு வாய்மொழியாகவே பரவியது. மரியா என்பவள் தான் ரகசியமாய் ஆசைப்பட்ட கிளாஸைக் கூப்பிட்டாள்!

எதற்கு இந்த விளையாட்டு என்கிறீர்களா? நாலு பேர் புழங்கும் இடத்தையோ சாதனத்தையோ அமைக்கிறவருக்கு, அதன் கோளாறு முடித்த பிறகுதான் தெரிகிறது. முன்னதாகவே பொம்மை மனிதர்களை நடமாட விட்டுப் பார்க்கலாமே என்பது யோசனை.

பார்த்ததில் வேடிக்கைகளும் உண்டு. விடுதியில் ஒருவர் மட்டுமே போகக்கூடிய குளியலறை. விடுதி என்றால் பொதுவாகத்தான் இருக்கும் என்று, உள்ளே ஆள் இருக்கும்போதே சிலர் நுழைந்துவிட்டார்கள். மே லின் என்ற மனைவி, கணவனிடம் பேசத் தொடங்கும்போதெல்லாம் சம்பிரதாயமாக முகமன் கூறுவாள். எந்த வீட்டில் அம்மா இது நடக்கிறது? இஸபெல்லாவோ, யார் என்ன யோசனை சொன்னாலும் மறுத்தது அபூர்வம்.

எனக்குக் கவலை அங்கேதான். எதற்கும் தலையாட்டும் இந்தப் பொம்மையைக் கேட்டு யாராவது நம் சமையல் மேடையின் உயரத்தை நிச்சயித்துவிட்டால்? குனிந்து நிமிர்ந்து இடுப்பு வலிப்பது அவளுக்கா, நமக்கா? நல்லவேளை, ஆராய்ச்சிக்காரர்களே எச்சரித்திருக்கிறார்கள்: ஆரம்ப யோசனையைப் பரீட்சிக்க மட்டுமே இது, நிஜ மனிதர்களைக் கேட்பதற்கு ஈடாக ஒருபோதும் கொள்ளக் கூடாது என்று.

விருந்துக்கு வராத 7 பேரையும் விசாரித்தார்கள். 3 பேர் வேறு வேலை இருப்பதாகச் சொன்னார்கள். ராஜீவ் என்ற ஓவியருக்குக் கண்காட்சி மும்முரம். மீதி 4 பேரோ, வர ஆசைதான் என்றார்கள். அன்றைக்கு வருவதற்கு மட்டும் ஏற்பாடு ஒன்றும் செய்யவில்லை. இதில் மாத்திரம் அசல் மனிதர்கள்தான், போங்கள்!