வெட்டப்பட்ட இரைப்பையும் வெட்கப்படும் சமூகமும்

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் கொழும்புத் தமிழர் மத்தியில் இருக்கிறார்கள். வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும் இருக்கிறார்கள். ஆனால் நேரில் கேட்டால் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். "கடற்கரையில் நடந்து குறைத்தேன்" என்பார் ஒருவர். "சோற்றை விட்டுவிட்டேன்" என்பார் இன்னொருவர். வைத்தியசாலையில் இருந்த நாட்களுக்குப் பித்தப்பைக் கல் என்று உறவினரிடம் காரணம் சொல்லிவைத்த குடும்பங்களையும் நான் அறிவேன்.

இந்தப் பொய்க்காக அவர்களைக் குற்றஞ்சாட்ட நான் வரவில்லை. அவர்களை அப்படிச் சொல்லவைத்த நம்மையே குற்றஞ்சாட்டுகிறேன். இருதய சத்திரசிகிச்சை செய்தவரைப் பார்க்கத் தோடம்பழமும் ஹோர்லிக்சும் வாங்கிக்கொண்டு போகும் நாம், இவரைப் பற்றி மட்டும் "வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டார்" என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறோம். அந்தப் பேச்சுக்கான விலையை அவர்கள் தமது உடம்பால் செலுத்துகிறார்கள்.

முதலில் இந்தக் "குறுக்குவழி" என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். இன்று அதிகமாகச் செய்யப்படும் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு, சில வேளைகளில் அதற்கும் சற்றுக் கூடுதலாக, வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழ வடிவிலான ஒடுங்கிய குழாய். இன்னொரு முறையில், இரைப்பையின் மேற்பகுதி ஒரு சிறு முட்டையளவு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலோடு நேரே இணைக்கப்படுகிறது. இந்த இரண்டாவது வழியை 1960களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடக்கிவைத்தார். ஆகவே இது நேற்று முளைத்த அழகுக்கலை வைத்தியமன்று.

சுவீடனில் 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நீண்டகால ஆய்வொன்று, சத்திரசிகிச்சை பெற்ற ஏறத்தாழ 2,000 பேரையும், அதே நிலையிலிருந்தும் அதனைப் பெறாத ஏறத்தாழ 2,000 பேரையும் ஒப்பிட்டது. 2007இல் வெளியான முடிவின்படி, சத்திரசிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு அபாயம் 29 சதவீதம் குறைந்திருந்தது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட ஒரு நாட்டில், இலவச வைத்தியம் தரும் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவில போதனா வைத்தியசாலையிலும்கூட இச்சத்திரசிகிச்சை செய்யப்பட்டு வந்திருப்பது ஆடம்பரத்துக்காகவா? உயிரைக் காக்கும் ஒரு சிகிச்சையைக் களவு வழி என்று பழிப்பவர்கள், நீரிழிவால் கால் இழந்தவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

ஆனால் அதே சுவீடன் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. முதல் ஓரிரு ஆண்டுகளில் எடை மிகக் கூடுதலாகக் குறைந்தது. அதன்பின் அதில் ஒரு பங்கு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அதாவது கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, மனிதரின் வேலை வாழ்நாள் முழுதும் நீள்கிறது. எனது விவாதம் இந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. அதில் அவருக்குத் துணை யார்?

வைத்தியர் துணை என்பீர்கள். வைத்தியர் வேண்டும்; அதில் எனக்கு மாறுபாடு இல்லை. விற்றமின் பி12, இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றின் அளவை இரத்தப் பரிசோதனையால் ஆண்டுதோறும் பார்க்கவேண்டியவர் அவர்தான். எடை இறங்க இறங்க நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை மாற்றவேண்டியவரும் அவர்தான். ஆனால் சிகிச்சை நிலையத்தில் நீண்ட வரிசையில் காத்திருந்து கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில் எந்த நோயாளி எதைக் கேட்பார்?

சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் நான்காம் மாதத்தில் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கும். இது பலருக்கும் நேர்வது, போதிய புரதம் சேர்ந்தால் பெரும்பாலும் திரும்பி வளர்வது. இதனை ஏற்கெனவே அனுபவித்த ஒரு பெண் அருகிலிருந்து "எனக்கும் கொட்டினது பிள்ளை, இப்ப பார்" என்று தன் கூந்தலைக் காட்டினால் தீர்ந்துவிடும் அச்சம், தனியறையில் மாதக்கணக்காக அழுகையாக நீள்கிறது. இனிப்பு உண்ட அரைமணி நேரத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றும். சர்க்கரை மிக விரைவாகக் குடலுக்குள் இறங்குவதால் வரும் விளைவு அது. இதை அறியாதவர் மாரடைப்பென்று நடுங்குவார். அறிந்தவர் பாயசத்தைத் தள்ளிவைப்பார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாட்கணக்கில் ஓயாது வாந்தி எடுப்பதை "இந்தச் சத்திரசிகிச்சை செய்தால் அப்படித்தான்" என்று வீட்டார் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள். அது சாதாரணமன்று. விற்றமின் பி1 குறைந்து மூளையையும் நரம்புகளையும் தாக்கும் ஆபத்து அதில் இருக்கிறது. உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். மூட்டுவலிக்கென்று மருந்தகத்தில் கேட்டு வாங்கும் சில வலிநிவாரணிகள், குடலை இணைத்த முறையில் புண்ணை உண்டாக்கக்கூடும். இவற்றையெல்லாம் அனுபவித்தறிந்த ஒருவர் அருகிலிருந்தால் "தம்பி, இது பொறுக்கிற விஷயமில்லை, இப்பவே புறப்படு" என்று சொல்லுவார். ரகசியம் காப்பவருக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அடுத்தது நமது பந்தி. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, அரைமணி நேரம் இடைவெளி விடு, புரதத்தை முதலில் உண், நன்றாக மென்று விழுங்கு என்று துண்டுப்பிரசுரம் சொல்லும். கலியாண வீட்டில் "ஒரு இடியப்பம்கூட வைக்கவில்லையே, என்னில கோபமா?" என்று கேட்கும் மாமிக்கு என்ன மறுமொழி என்று அது சொல்லாது. கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீர் அருந்தாமல் விரதமிருக்கலாமா என்ற கேள்விக்கும் அதில் பதில் இல்லை. உடலில் நீர் வற்றுவது இவர்களுக்குப் பேராபத்து என்று வைத்தியர் சொல்லுவார். சொல்லியும் மனம் ஆறாத அன்னைக்கு, அதே நிலையிலிருந்துகொண்டு முருகனை வேறு வகையில் வழிபட்ட இன்னோர் அன்னையின் சொல்லே ஆறுதல் தரும்.

பெண்களின் நிலை இன்னும் கடினம். எடை கூடியதால் தள்ளிப்போன சம்பந்தம், எடை குறைந்ததும் வருகிறது. சத்திரசிகிச்சையை மறைத்தே திருமணம் நடக்கிறது. பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுமாறு வைத்திய வழிகாட்டிகள் கூறுகின்றன. தாயின் உடல் தேறாமல் பிள்ளை தேறாது என்பதே காரணம். ஆனால் திருமணமான மூன்றாம் மாதமே "விசேஷம் இல்லையா?" என்று கேட்கும் வீட்டில், அந்தப் பெண் எந்தக் காரணத்தைச் சொல்லுவாள்? தொய்ந்துபோன தோலைப் பற்றி யாரிடம் பேசுவாள்? இவற்றைக் கேட்பதற்கு ஓர் இடம் இல்லாமல் செய்துவிட்டு, அவளுடைய தைரியத்தைப் பற்றி நாம் பிரசங்கம் செய்யக்கூடாது.

மனநிலையையும் சொல்லியாகவேண்டும். நமது உறவினர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், இச்சத்திரசிகிச்சை பெற்ற 8,815 பேரை ஆராய்ந்த முடிவுகள் 2016இல் அச்சேறின. தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த சம்பவங்கள், சத்திரசிகிச்சைக்குப் பின்னர் ஏறத்தாழ 50 சதவீதம் அதிகரித்திருந்தன. அப்படி வந்தவர்கள் மொத்தத்தில் மிகச் சிறு தொகையினர். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு முன்பிருந்தே மனநலப் பாதிப்பு இருந்தது. ஆகவே இதைக் கேட்டு எவரும் சிகிச்சைக்கு அஞ்சவேண்டியதில்லை. எடை குறைந்தால் கவலையும் தானாகக் குறையும் என்ற நம்பிக்கை மட்டும் பொய் என்பதை விளங்கிக்கொண்டால் போதும். உணவால் ஆற்றிக்கொண்ட துயரம், உணவு இல்லாதபோது வேறு வாசல் தேடும். சிலருக்கு அந்த வாசல் மதுவாக அமைந்துவிடுவதையும் ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன.

நான் சார்ந்த பத்திரிகைத் துறையையும் விட்டுவைக்க முடியாது. 2017இல் எகிப்திலிருந்து மும்பைக்குக் கொண்டுவரப்பட்ட இமான் அகமது என்ற பெண்ணை நினைவிருக்கிறதா? ஏறத்தாழ 500 கிலோ எடை என்று சொல்லப்பட்டது. கிரிக்கெட் ஓட்டக் கணக்கைப் போலப் பத்திரிகைகள் அவருடைய கிலோ கணக்கை வெளியிட்டன. சிகிச்சையின் பலனைப் பற்றி அவருடைய சகோதரிக்கும் வைத்தியர்களுக்கும் மூண்ட சச்சரவும் செய்தியாயிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் அபுதாபியில் அவர் இறந்தார். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் இச்சத்திரசிகிச்சையை அடுத்து உயிரிழந்தார். தமிழகச் சுகாதாரத்துறை விசாரணை நடத்தியது. அந்த விசாரணை அவசியமானதே. ஆனால் கிலோவும் மரணமும் மட்டுமே நமக்குச் செய்தி. சத்திரசிகிச்சை செய்து ஐந்து ஆண்டுகளாக உயிரோடிருக்கும் மனிதர் எப்படி வாழ்கிறார் என்பதை எழுத ஒரு பத்தி இடம் இருப்பதில்லை. விளம்பரப் பக்கத்தில் "முன்பு - பின்பு" படங்களுக்கு மாத்திரம் தாராளமாக இடமிருக்கிறது.

ஆகவே நான் முன்வைக்கும் கோரிக்கை இதுதான்: வெள்ளவத்தையில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் ஒன்று என, இச்சத்திரசிகிச்சை பெற்றவர்கள் மாதமொருமுறை தமிழில் கூடிப் பேசும் துணைவட்டங்கள் வேண்டும். சிகிச்சை தரும் வைத்தியசாலைகள் இதனைத் தருமகாரியமாகக் கருதாமல் சிகிச்சையின் ஒரு கூறாகவே கருதவேண்டும்.

ஏன் தமிழில் என்று கேட்பவர்களுக்கு: 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் நான் கண்ணால் கண்ட ஒரு வைத்தியசாலைத் துண்டுப்பிரசுரம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. "புரதம் 60 கிராம்" என்று மொழிபெயர்த்துவிட்டாலும் போதாது. அது எத்தனை முட்டை, எவ்வளவு மீன், எவ்வளவு பருப்பு என்று நமது அடுப்படிக் கணக்கில் சொல்லவேண்டும். சொதியில் ஊறிய இடியப்பம் வயிற்றில் இறங்குமா, புட்டு ஏன் அடைக்கிறது என்பதெல்லாம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தட்டுத்தடுமாறிக் கேட்கக்கூடிய கேள்விகள் அல்ல.

மறுப்புகளையும் அறிவேன். "நோயாளிகள் கூடினால் தவறான தகவல் பரவும்" என்று சில வைத்தியர்கள் சொல்லுவார்கள். இப்போது மட்டும் பரவாமல் இருக்கிறதா? புரதமா என்றுகூடத் தெரியாத மாவுகளை விற்பவர்கள் வீடு தேடி வருகிறார்கள். அதைத் தடுக்கும் வழி, அனுபவமுள்ள ஒரு தாதியோ உணவியல் நிபுணரோ வட்டத்தில் அமர்ந்திருப்பதுதான். அங்கே எவரும் மருந்தின் அளவைச் சொல்லக்கூடாது, எதையும் விற்கக்கூடாது, எடை குறையாதவரை ஏளனம் செய்யக்கூடாது. எடை திரும்பியவருக்கே முதல் கதிரை கொடுக்கவேண்டும், ஏனெனில் மிகுந்த வெட்கத்தோடு வருபவர் அவர்தான்.

"எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள், கதை வெளியே போய்விடும்" என்பது இரண்டாவது மறுப்பு. கொழும்பிலே 1974 முதல் சுமித்ரயோ அமைப்பு, மனமுடைந்தவர்களின் துயரத்தை வெளியே விடாமல் காதுகொடுத்துக் கேட்டு வருகிறது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடிநோயிலிருந்து மீள முயன்ற இருவர் ஒருவரோடொருவர் பேசியதிலிருந்தே, பெயர் சொல்லாமல் கூடும் குடிநோயாளர் இயக்கம் உலகமெங்கும் வளர்ந்தது. அந்த இருவரில் ஒருவர் சத்திரசிகிச்சை வைத்தியர். கத்தி பிடித்த கைக்கும், தன்னைப்போன்ற இன்னொருவரின் துணை தேவைப்பட்டது. கேட்டது வெளியே போகாது என்ற விதியை அவர்களால் காக்க முடிந்ததென்றால், நம்மாலும் முடியும்.

இடமில்லை என்று எவரும் சொல்லவேண்டாம். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, இராமகிருஷ்ண மிஷன் இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் விவேகானந்த சபை இருக்கிறது, தேவாலயங்களோடு சேர்ந்த மண்டபங்கள் இருக்கின்றன. நூல் வெளியீட்டுக்கும் பாராட்டு விழாவுக்கும் திறக்கும் கதவுகளில் ஒன்றை, மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் இவர்களுக்காகத் திறந்துவிடும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பொன்னாடையும் மாலையும் வேண்டாம். ஐந்தாறு கதிரைகளும், வெறுந்தேநீரும், கதவைச் சாத்திக்கொள்ளும் வசதியும் போதும்.

சத்திரசிகிச்சை செய்துகொண்ட வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்கெல்லாம் அறிவிக்கவேண்டும் என்று உங்களை நான் வற்புறுத்தவில்லை. அது உங்கள் உடம்பு, உங்கள் உரிமை. ஆனால் உங்களைப்போலவே வாய்மூடி இருக்கும் இன்னொருவர் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கக்கூடும். அவரிடம் மாத்திரமாவது பேசுங்கள். மற்றையோருக்கு நான் சொல்வது இன்னும் சுருக்கமானது: அடுத்த விருந்தில் ஒருவர் இரண்டு கவளத்தோடு கையலம்பினால், காரணம் கேட்காதீர்கள்.