பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?

ரொம்ப நாளா மனசுல கெடந்து குடைஞ்சிட்டிருந்த மேட்டர். இன்னைக்குக் கொட்டிடறேன். ஆணி கொஞ்சம் கம்மி, கோவம் கொஞ்சம் ஜாஸ்தி. நீளமான பதிவு, பொறுத்துக்குங்க மக்கா.

போன வாரம் எங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவுல ஒரு வீடியோ போட்டேன். கிட்டார் பிரசன்னா மேடையில சம்மணம் போட்டு உக்காந்து, மடியில எலக்ட்ரிக் கிட்டாரை வெச்சுக்கிட்டு, பக்கத்துல மிருதங்கத்தோட கச்சேரி பண்ற வீடியோ. மூணு பேர் கட்டைவிரல் தூக்கிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. ஒரு நண்பர் மட்டும் அக்கறையா கேட்டார். "மச்சி, நாலு நிமிஷம் ஓடிடுச்சு. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

சிரிச்சுட்டு விட்டிருக்கலாம், முடியல. இந்தக் கேள்வியை நான் மொதல்ல கேட்டது ஏழாவது படிக்கும்போது.

எங்க ஊர் சுத்துக்கேணி. பாண்டிச்சேரி மாநிலம்தான், ஆனா நீங்க நெனைக்கிற கடற்கரைப் பாண்டி இல்ல. காட்டேரிக்குப்பம் பக்கம், கரும்பு டிராக்டர் போற ஊரு. எங்க ஊர்ல பழைய காலத்து ஈமக்காடு தோண்டி எடுத்ததால தொல்லியல் புத்தகத்துல பேரு வரும். ராக் மியூசிக்ல வராது :-)

அந்த வருஷம் திருவிழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வந்துச்சு. ரெண்டு பாட்டுக்கு நடுவுல பாடகர் தண்ணி குடிக்கப் போனார். அந்தச் சந்துல கிட்டார் அண்ணன் தானா எதையோ வாசிக்க ஆரம்பிச்சார். சினிமாப் பாட்டு இல்ல. கம்பியை இழுத்து இழுத்து அழ வெச்சார். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. மைக் புடிச்சிருந்தவர் சொன்னார், "யப்பா, டெஸ்டிங் போதும், பாட்டைப் போடுங்க." மொத்த ஊரும் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அதான் இன்னும் உறுத்துது.

இப்ப விஷயத்துக்கு வரேன். தமிழனுக்கு இசைன்னா குரல். குரலுக்குக் கீழ ஒலிக்கிறது எல்லாம் "மியூசிக்". "பாட்டு சூப்பர், மியூசிக் ஓகே"ன்னு சொல்ற ஒரே கூட்டம் நாமதான்னு நெனைக்கிறேன். 'இளைய நிலா' பாட்டோட கிட்டாரை வாயாலயே வாசிச்சுக் காட்டுவோம். வாசிச்சவர் பேரைக் கேட்டா முழிப்போம். அந்த மாதிரி ஒருத்தர் ஸ்டூடியோ இருட்டை விட்டு வெளிய வந்து, தனியா மேடை ஏறி, "இது என் இசை"ன்னு உக்காந்தா அவரையும் பாட்டுக்கு முன்னாடி வர்ற டெஸ்டிங்காதான் பார்க்கிறோம்.

பிரசன்னாவையே எடுத்துக்குங்க. (நடிகர் பிரசன்னா இல்ல சாமி. கூகுள்ல அடிச்சா சினேகா வீட்டுக்காரர்தான் மொதல்ல வர்றார். அதுவே என் வாதத்துக்கு ஒரு சாட்சி.) ராணிப்பேட்டைக்காரர். சென்னை ஐஐடியில கப்பல் கட்டுற இன்ஜினியரிங் படிச்சவர். அந்தப் பட்டத்தை வெச்சுக்கிட்டு கிட்டாரைத் தூக்கிட்டு பாஸ்டன் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போனவர். நம்மள மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்க 'ஒரு நாள் வேலையை விட்டுட்டு...'ன்னு இழுக்குற வாக்கியத்தை, முற்றுப்புள்ளி வரைக்கும் எழுதி முடிச்சவர்.

2006-ல 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்'னு ஒரு ஆல்பம் போட்டார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1968-ல போட்ட 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்'டுக்கு ஒரு கும்பிடு. பேர்லயே பிள்ளையாரையும் ஹென்ட்ரிக்ஸையும் ஒரே பந்தியில உக்கார வெச்ச குசும்பு. 2011-ல விஜய் ஐயர், நிதின் மிட்டாவோட சேர்ந்து 'தீர்த்தா'. எத்தனை பேர் கேட்டிருக்கோம்?

இன்னொண்ணு. 2009 பிப்ரவரி ஆஸ்கர் ராத்திரி ஞாபகம் இருக்கா? ரஹ்மான் ரெண்டு கையிலயும் விருதோட நின்னார். நாடே கூத்தாடுச்சு, ஆடணும், தப்பே இல்ல. அதே மேடையில 'ஸ்மைல் பிங்கி'ங்கிற குறும்படம் ஆவணப்படப் பிரிவுல ஜெயிச்சுது. உதடு பிளந்து பிறந்த ஒரு உத்தரப்பிரதேசச் சிறுமியோட கதை. அந்தப் படத்துக்கு இசை நம்ம பிரசன்னா. விருது படத்துக்குத்தான், இசைக்கு இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா ஜெயிச்ச படத்துல ஒரு தமிழன் வேலை பார்த்திருக்கான்னா போஸ்டர் அடிக்கிற ஊரு இது. பாட்டு இல்லாததால போஸ்டரும் இல்ல.

சரி, வழக்கமா வர்ற மூணு மறுப்பு இருக்கு. வரிசையா பார்ப்போம்.

ஒண்ணு: "கிட்டார்ல கர்நாடக சங்கீதமா? அது சும்மா வித்தை காட்டுறது."

இதைச் சொல்றவங்க வயலின் கச்சேரிக்கு மட்டும் பவ்யமா போவாங்க. வயலின் என்ன திருவையாத்துல காய்ச்சதா? முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் 1800-களின் தொடக்கத்துல வெள்ளைக்காரன்கிட்டேர்ந்து கத்துக்கிட்டு உள்ள கொண்டு வந்தது. இன்னைக்கு அது இல்லாம வாய்ப்பாட்டுக் கச்சேரியே இல்ல. 1980-களின் தொடக்கத்துல ஒரு சின்னப் பையன் எலக்ட்ரிக் மாண்டலினைத் தூக்கிட்டு வந்தப்பவும் புருவத்தைத் தூக்கினாங்க. 2014-ல 45 வயசுல ஸ்ரீனிவாஸ் போனப்போ அதே ஊரு அழுதுச்சு. சாக்ஸபோனுக்குக் கத்ரி கோபால்நாத் பட்டதும் இதே கதைதான்.

டெக்னிக்கலாவும் இந்த வாதம் நிக்காது. கிட்டார் கழுத்துல கட்டை கட்டையா மெட்டு இருக்கு, ஒவ்வொண்ணும் அரைச்சுரம். கமகம் நடுவுல இருக்கு, அது எப்படி வரும்னு கேக்குறாங்க. வீணையிலயும் 24 மெட்டு இருக்கே? வைணிகர் என்ன பண்றார், கம்பியைப் பக்கவாட்டுல இழுக்குறார். இழுத்தா இறுக்கம் கூடும், சுரம் மேல ஏறும். ஹென்ட்ரிக்ஸ் பண்ணதும் அதேதான், கம்பியை இழுத்தார். சேலத்துல இழுத்தாலும் சியாட்டில்ல இழுத்தாலும் பௌதிகம் ஒண்ணுதான். பிரசன்னா இழுக்கவும் செய்வார், ஒரே கம்பியில விரலை வழுக்கிக்கிட்டே ஜாருவும் கொண்டு வருவார். வித்தைன்னா அது பல வருஷ சாதகத்துல வந்த வித்தை.

ரெண்டு: "பேண்ட்ல இருந்தப்ப நல்லாருந்தார், தனியா வந்து தொலைஞ்சுட்டார்."

இது ராக் ரசிகர்கள் சொல்றது. 'இண்டியன் ஓஷன்' பேண்டை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான சுஷ்மித் சென் 2013-ல வெளிய வந்தார். கொச்சியோட 'மதர்ஜேன்' பேண்டுக்கு 2008-ல 'மக்தூப்' ஆல்பத்துல தனி அடையாளம் கொடுத்த பைஜு தர்மஜன் 2010-ல வெளிய வந்தார். ரெண்டு பேர்கிட்டயும் நம்ம ஆளுங்க கேட்டது ஒரே கேள்வி: "ஏன் வந்தீங்க?" இப்ப என்ன வாசிக்கிறீங்கன்னு கேட்டவன் எத்தனை பேர்?

வெளியூர்க் கதை ஒண்ணு. ஜெஃப் பெக் 1966-ல 'யார்ட்பேர்ட்ஸ்'லேர்ந்து வெளிய வந்தார். அப்புறம் அவர் குழுவுல பாடினது ராட் ஸ்டீவர்ட், சாதாரண ஆள் இல்ல. அதுவும் உடைஞ்சுது. 1975-ல பாடகரே இல்லாம 'ப்ளோ பை ப்ளோ' போட்டார். அமெரிக்கப் பட்டியல்ல நாலாவது இடம் வரைக்கும் போச்சு. 1980-கள்ல பிளெக்ட்ரமையும் தூக்கிப் போட்டுட்டு வெறும் விரல், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற குமிழ், நடுங்க வைக்கிற கம்பி, இது மூணையும் வெச்சே கிட்டாரைப் பேச வெச்சார். 2001-ல 'நாடியா'ன்னு ஒண்ணு வாசிச்சார். அது நிதின் சாஹ்னி இசையில ஒரு பெண் குரல் பாடினது. அந்தக் குரலோட வளைவு நெளிவு அத்தனையும் கிட்டார்ல. கேட்டுப் பாருங்க, இந்துஸ்தானிப் பாட்டு கேட்ட மாதிரியே இருக்கும். 2023 ஜனவரியில 78 வயசுல போற வரைக்கும் அந்த மனுஷன்கிட்ட யாரும் "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்"னு கேட்டிருக்க மாட்டாங்க.

மூணு: "வார்த்தை இல்லாம எங்க மக்களுக்கு ஏறாதுப்பா."

இதுக்குத்தான் எனக்கு உண்மையான கோவம். எங்க ஊர்ல சாமி புறப்பாட்டுக்கு நாயனம் வாசிக்கிறப்போ எந்தக் கெழவியாவது வரி கேட்டிருக்கா? மல்லாரிக்கு ஏது வரி? பறை அடிக்கிறப்ப எந்த வார்த்தையைக் கேட்டுக் கால் ஆடுது? ராத்திரி முழுக்கத் தவில் தனி ஆவர்த்தனம் கேட்டுக்கிட்டு, கட்டுத்தறியில மாட்டைக்கூட மறந்துட்டு நின்ன தாத்தாவோட பேரன் நான். அந்தக் காது நமக்கு இருந்துச்சு. சினிமா வந்து அஞ்சு நிமிஷப் பாட்டுக்குள்ள அதை அடைச்சு வெச்சுது. இப்ப முப்பது செகண்ட் ரீல்ஸ் வந்து இன்னும் நறுக்கிடுச்சு. 'மக்களுக்கு ஏறாது'ன்னு சொல்றது மக்கள் மேல போடுற பழி. ஏறாதது நமக்கு, அதாவது படிச்சுட்டு ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கற கூட்டத்துக்கு.

மேடைங்கிறது வேற. சிடியில இருக்கறதை அப்படியே திருப்பிப் போட்டுக் காட்டுறதுக்கு எதுக்கு ஆள், பென்டிரைவ் போதுமே. ஒரு கலைஞன் தனியா உக்காந்து ராகத்தைத் தேடுறப்போ, எங்க போறான்னு அவனுக்கே முழுசா தெரியாது. அந்தத் தேடலைக் கண்ணால பார்க்கத்தான் டிக்கெட். நாம அந்த நேரத்துல போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, பின் வரிசையிலேர்ந்து ராஜா பாட்டு கேட்டுக் கத்துறோம். ராஜா பாட்டு எனக்கும் உசுரு. அதுக்காக இட்லிக் கடையில உக்காந்துக்கிட்டு பிரியாணி எங்கன்னு கேப்பீங்களா?

உபதேசம் பண்ற யோக்கியதை எனக்கு இருக்கான்னா, இல்ல. காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல நிகழ்ச்சி நிரல் போட்ட கமிட்டியில நானும் இருந்தேன். ஜூனியர் பையன் ஒருத்தன் தனி கிட்டார் வாசிக்கப் பத்து நிமிஷம் கேட்டான். "பாடுறதுக்கு ஆள் இல்லையா? அப்ப மூணு நிமிஷம்"னு வெட்டினது இந்தக் கைதான். அவன் பேசாம பேரை அடிச்சுட்டுப் போயிட்டான். அப்புறம் அவன் மேடை ஏறி நான் பார்க்கல. ஏழாவது படிக்கறப்ப சிரிச்சவன், இருபது வயசுல மைக் புடிச்சவனா மாறிட்டேன். இப்படித்தான் ஒவ்வொரு ஊர்லயும், ஒவ்வொரு காலேஜ்லயும் ஒரு பிரசன்னா மொளைக்கும்போதே நாம கிள்ளிட்டிருக்கோம். சென்னையிலேர்ந்து பாண்டி வர்ற வழியில, செய்யூர்ல 2010-ல ஸ்வர்ணபூமி இசை அகாடமி தொடங்கி, அதைப் பிரசன்னா முன்ன நின்னு நடத்தினார். எங்க ஊர்லேர்ந்து பஸ் புடிச்சா போயிடற தூரம். அப்படி ஒண்ணு இருந்ததே எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரியும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப அந்த ஆர்க்கெஸ்ட்ரா அண்ணனைப் பார்த்தேன். செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருக்கார். உள்ள செவுத்துல கிட்டார் மாட்டியிருந்துச்சு, ரெண்டு கம்பி இல்ல. "அண்ணே, வாசிங்க"ன்னேன். தூசியைத் தட்டிட்டு, சுருதி சேர்த்துட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன பாட்டு தம்பி?"

"பாட்டு வேணாம்ணே. அன்னைக்கு திருவிழாவுல நிறுத்தினீங்களே, அதுலேர்ந்து."

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் வாசிச்சார். நாலு கம்பியில. நான் போனை எடுக்கல.

டிஸ்கி: ரஹ்மான் ரசிகர்கள், ராஜா ரசிகர்கள், சபா மாமாக்கள் எல்லாரும் கும்மியடிக்க வரலாம். ஒரே நிபந்தனை. வர்றதுக்கு முன்னாடி குரல் இல்லாத ஒரு கச்சேரியை முழுசா, நடுவுல தள்ளாம, கேட்டுட்டு வாங்க.