கடலில் யார் சாட்சி?

சில வாரங்களுக்கு முன்னர், வடமராட்சி கிழக்கிலிருந்து எனக்கு நீண்ட காலம் பழக்கமான கடற்றொழிலாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, படகிலை பூட்டுறதுக்கு ஒரு சின்னக் கமரா வேணும். உப்புத் தண்ணி பட்டாலும் பழுதாகக் கூடாது. எது நல்லதெண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

காரணத்தைக் கேட்டேன். இரவில் விரித்த வலையை இழுவைப்படகு ஒன்று அறுத்துக்கொண்டு போய்விட்டது. முறையிடச் சென்ற இடத்தில், "எந்தப் படகு? இலக்கம் என்ன? ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டார்களாம். கும்மிருட்டில், நனைந்த கைகளோடு, ஆடும் படகில் நின்றுகொண்டு தொலைபேசியை எடுத்துப் படம்பிடிக்க எவரால் முடியும்? "கண்ணாலை கண்டனான் ஐயா. ஆனா என்ரை கண் சாட்சியில்லையாம்" என்றார். அந்த வார்த்தை என்னை உறுத்தியது.

பாக்கு நீரிணையில் நிகழும் ஒவ்வொரு துயருக்கும் இரண்டு கதைகள் உண்டு என்பதைச் செய்தி எழுதியவர்கள் அறிவார்கள். 2021 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அப்பால், இலங்கைக் கடற்படைக் கலத்துடன் ஏற்பட்ட மோதலில் தமிழகப் படகொன்று மூழ்கி நால்வர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த ஈழத்து அகதி. 2022 ஜனவரியில் வத்திராயனிலிருந்து தொழிலுக்குச் சென்ற இருவர் சடலங்களாகக் கரையொதுங்கினர். இந்திய இழுவைப்படகு மோதியதே காரணம் என்று கூறி மக்கள் சுப்பர்மடத்தில் வீதியை மறித்துப் போராடினர். 2024 ஜூனில் இழுவைப்படகொன்றைப் பிடிக்கும் முயற்சியில் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நெடுந்தீவுக் கடலில் நிகழ்ந்த மோதலில் தமிழக மீனவர் ஒருவர் மாண்டார். மோதியது யார், எல்லை எங்கே என்ற கேள்விகளுக்கு ஒரு கரை சொன்னதை மறுகரை ஏற்கவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத ஓர் உண்மை எஞ்சியது: வீட்டுக்கு வரவேண்டியவர் வரவில்லை.

ஆகவே நண்பரின் கேள்வியை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை. விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன், பிறருக்கும் பயன்படக்கூடும்.

கடைக்காரர்கள் முதலில் காட்டுவது ஐபி 67, ஐபி 68 என்ற முத்திரையைத்தான். முதல் இலக்கம் தூசியைத் தடுக்கும் தன்மையையும், இரண்டாவது நீரைத் தடுக்கும் தன்மையையும் குறிக்கும். ஐபி 67 என்றால் ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் இச்சோதனைகள் நன்னீரில் நடப்பவை. உப்பு உலோகத்தை அரிக்கும் விதத்தை இந்த முத்திரை சொல்லாது. உப்புப் புகார்ச் சோதனை வேறு. அது செய்யப்பட்டதா என்று தனியே கேட்கவேண்டும். உடல் துருப்பிடியா உருக்கானால் 304 ரகத்தைத் தவிர்த்து 316 ரகத்தைத் தேடுவது நன்று. கமராவின் கண் கெடுவதற்கு முன்னர் கம்பியின் மூட்டுத்தான் பெரும்பாலும் கெடுகிறது. வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியும் நன்கு மூடிய இணைப்பும், விலை உயர்ந்த கமராவைவிட அதிக காலம் காப்பாற்றும்.

இரண்டாவது, இரவு. அகச்சிவப்பு விளக்குகள் வீட்டு முற்றத்துக்குப் பொருந்தும். படகிலோ அவ்வொளி அணியத்தின் வெள்ளைப் பூச்சிலும் நீர்த்திவலைகளிலும் பட்டுத் திரும்பி, படத்தை வெண்புகையாக்கிவிடும். குறைந்த ஒளியிலேயே காணக்கூடிய உணரி உள்ளதும், அகச்சிவப்பு விளக்கை அணைத்துவைக்கக் கூடியதுமான கமராவே உகந்தது.

மூன்றாவது, வில்லை. அகன்ற கோண வில்லை எல்லாவற்றையும் காட்டும். ஆனால் தூரத்துப் படகின் பதிவிலக்கத்தை வாசிக்க விடாது. இலக்கம் வேண்டுமானால் ஒடுங்கிய கோணம் வேண்டும். அகன்ற வில்லை பொருட்களை உள்ளதைவிடத் தள்ளியிருப்பதாகவும் காட்டும். குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகள் அணையும்போது இதை மறக்கக் கூடாது. திருவிழாக் காலத்தில் முதியவர்களும் குழந்தைகளும் கால்வைக்கும் இடைவெளியைச் சுக்கான் பிடிப்பவரால் பார்க்க முடிவதில்லை. பக்கவாட்டில் கீழ்நோக்கிய ஒரு கமரா பேருதவி செய்யும். எனினும் கயிற்றோடு நிற்கும் பணியாளரின் குரலுக்கு அது மாற்றாகாது.

நான்காவது, மின்சாரமும் நினைவட்டையும். ஐந்து வாற்று கமரா பத்து மணி நேரம் இயங்கினாலும் 12 வோல்ற் பற்றரியிலிருந்து நாலரை அம்பியர்-மணிக்குக் குறைவாகவே எடுக்கும். சாதாரணத் தெளிவில் மணிக்கு ஏறத்தாழ இரண்டு ஜிபி பதிவாகும். 64 ஜிபி அட்டை மூன்று இரவுகளுக்குப் போதும். அசைவைக் கண்டால் மட்டும் பதியும் வசதியை நம்பவேண்டாம்; கடலில் அசையாதது எது? கரையில் இயந்திரத் திருட்டைத் தடுப்பதற்கு வாடியில் பூட்டும் கமராவுக்கு மட்டும் அது சரி. எல்லாவற்றிலும் முக்கியம், பதிவில் திகதியும் நேரமும் ஜிபிஎஸ் இடக்குறிப்பும் இருத்தல். 1974, 1976 உடன்படிக்கைகள் வகுத்த எல்லையின் எந்தப் பக்கம் என்பதே வழக்கின் உயிர்.

ஆனால் கமரா வாங்கிவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? இங்கேதான் என் கருத்தைச் சொல்லவேண்டியுள்ளது.

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. சமகாலப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் வழிசெய்கிறது. கருவி சரியாக இயங்கியிருக்க வேண்டும். பதிவு மாற்றப்படாதிருக்க வேண்டும். எனவே வெட்டி ஒட்டி முகநூலில் போட்ட துண்டுக்கு அல்ல, மூல அட்டைக்கே மதிப்பு. அடிமடி இழுவையும் 2017 ஜூலையில் நிறைவேறிய திருத்தச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இல்லாதது, முறைப்பாட்டை ஏற்கும் மேசையில் அந்த அட்டையை வாங்கிப் பற்றுச்சீட்டுத் தரும் ஒழுங்கு.

2015 ஜனவரி முதல் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தபோது, பலநாள் படகுகளைக் கண்காணிக்கும் செய்மதிக் கருவிகளுக்கு அரசு முன்னுரிமை கொடுத்தது. 2016 ஜூனில் தடை நீங்கியது. ஏற்றுமதியைக் காப்பதற்கு அவசரம் காட்ட முடிந்தது. கண்ணாடியிழைப் படகில் செல்லும் ஏழையின் வலையைக் காப்பதற்கு ஏன் அந்த அவசரம் இல்லை? படகு எங்கே நிற்கிறது என்பதை அறிய விரும்பும் அரசு, படகுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அறிய விரும்பவேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கூட்டாகக் கமராக்களை வாங்கட்டும். மூலப் பதிவுகளையும் அவையே பாதுகாக்கட்டும். கடற்படைக் கலங்களிலும் கமரா இருக்கட்டும். உயிரிழப்பு நேர்ந்தால் அப்பதிவு நீதவானிடம் செல்லட்டும்.

கமராவுக்குப் பக்கச்சார்பு கிடையாது என்பதையும் நம்மவர்கள் உணரவேண்டும். தடைசெய்யப்பட்ட முறைகளில் தொழில் செய்யும் உள்ளூர்ப் படகையும் அது பதியும். அக்கரைப் படகில் நாட்கூலிக்கு நிற்கும் ஏழையின் முகத்தையும் பதியும். அது பழிவாங்கும் கருவியாகிவிடக் கூடாது.

நண்பருக்கு இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எல்லாம் சரி ஐயா. நான் படத்தைக் கொண்டுபோனால், அதைப் பாக்கிறதுக்கு ஆள் இருக்குமோ?"

கமராவைப் பற்றி நான் விசாரித்து அறிந்தவற்றில் இதற்கு விடை இல்லை. விடை சொல்லவேண்டியவர்கள் அலுவலகங்களில் இருக்கிறார்கள்.