வரைபடத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள்

“கேம்புக்குக் கட்டாயம் அனுப்பணுமா டீச்சர்?”

பள்ளியில் கற்பித்தல் பயிற்சியில் இருந்த வாரங்களில் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான். கூடவே ஒரு காரணமும் வரும். “பிள்ளைக்கு இளைப்பு இருக்கு”, “வெளிச்சாப்பாடு ஒத்துக்காது”, “வெயில்ல கறுத்துடுவா”. முதல் இரண்டுக்கும் பள்ளியிடம் பதில் இருக்கிறது. மருத்துவப் படிவம் உண்டு, உணவு விவரம் முன்கூட்டியே கேட்கப்படும். மூன்றாவதற்குப் பிறகு வருகிறேன்.

நான் தமிழாசிரியராகப் போகிறவள். “வெளிப்புறக் கல்வி பி.இ. டீச்சர் வேலைதானே?” என்று தோழிகள் கேட்கிறார்கள். பாடத்திட்டத்தில் அது உடற்கல்வியின் ஒரு பகுதிதான். ஆனால் பிள்ளைகளோடு முகாமுக்குக் கிளம்பும் ஆசிரியர்களில் தமிழ் கற்பிப்பவரும் இருப்பார், கணிதம் கற்பிப்பவரும் இருப்பார்.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. சுதந்திரம் பெற்ற இரண்டே ஆண்டுகளில், 1967இல், டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியில் புலாவ் உபினில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி தொடங்கியது. இளையர்களுக்கு உடலுரமும் மனவுரமும் வேண்டும் என்பது அன்றைய கவலை. 2016இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திட்டம், உயர்நிலை மூன்று மாணவர்கள் எல்லாரையும் ஐந்து நாள் முகாமுக்கு அனுப்புவதை இலக்காகக் கொண்டது. வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகள் ஒரே குழுவில் சேர்ந்து துடுப்பு போட வேண்டும், சமைக்க வேண்டும், கூடாரம் அடிக்க வேண்டும்.

பயிற்சியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு வரைபடம். மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பாதையில் ஐந்து மாணவர்களிடம் அதைக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்னால் நடந்தோம். ஒரு பிரிவில் தவறான பக்கம் திரும்பினார்கள். கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன். “அந்தப் பாதையில ஆபத்து ஏதும் இருக்கா?” என்று மட்டும் கேட்டார் உடன்வந்த மூத்த ஆசிரியர். இல்லை. பேசாமல் நடந்தேன்.

பத்து நிமிடத்தில் ஒரு மாணவி நின்றாள். “தண்ணி நமக்கு வலது பக்கம் இருக்கணும். இடது பக்கம்ல இருக்கு?” என்றாள். கொஞ்சம் சண்டை நடந்தது. பிறகு வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடந்தார்கள். அதற்குப் பின் ஒவ்வொரு பிரிவிலும் யாரும் சொல்லாமலே நின்று பார்த்தார்கள். நான் முன்பே கூப்பிட்டிருந்தால், என் குரலுக்குத்தான் காத்திருக்கப் பழகியிருப்பார்கள்.

எல்லாத் தவற்றையும் இப்படி விட்டுவிட முடியாது. மின்னல் எச்சரிக்கை வந்தால் பேச்சே இல்லை, எல்லாரும் கூரைக்குள் போக வேண்டும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரும் கயாக்கில் ஏற முடியாது. எதை அனுமதிக்கலாம், எதை உடனே தடுக்க வேண்டும் என்று பிரித்தறிவதுதான் ஆசிரியருக்குக் கடினமான வேலை.

2021இல் உயரத்தில் கயிற்றுப் பாதையைக் கடக்கும் நடவடிக்கையின்போது விழுந்த ஒரு மாணவர் உயிரிழந்தார். உயரம் சார்ந்த வெளிப்புற நடவடிக்கைகளைக் கல்வி அமைச்சு நிறுத்திவைத்தது. அந்தச் செய்தியைப் படித்த பெற்றோரிடம் “பயப்படாதீங்க” என்று லேசாகச் சொல்ல எனக்கு மனம் வராது. நாளை என் கையில் இருக்கும் பட்டியலில் நாற்பது பிள்ளைகளின் பெயர் இருக்கும். அதனால் கேளுங்கள். உடன் யார் வருகிறார்கள், மருந்து யாரிடம் இருக்கும், மழை பிடித்தால் எங்கே ஒதுங்குவார்கள்? நல்ல ஆசிரியர் இதற்கெல்லாம் எரிச்சல்பட மாட்டார்.

ஆனால் “கறுத்துடுவா” என்பது பாதுகாப்பைப் பற்றிய கவலை இல்லை. அண்ணனின் படிவத்தில் உடனே கையெழுத்து விழுகிறது. தங்கைக்கு மட்டும் இந்தக் காரணம் சொல்லப்படுகிறது. வெயிலில் ஏறிய நிறம் சில வாரங்களில் மங்கிவிடும். ‘மற்றதைவிட உன் நிறம்தான் முக்கியம்’ என்று பதினைந்து வயதில் காதில் விழுந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது. தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் எல்லாம் வாங்கிக் கொடுங்கள். அனுப்பியும் வையுங்கள்.

முகாம்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. புக்கிட் தீமா 164 மீட்டர் உயரம்தான், குடும்பத்தோடு ஏறலாம். சுங்கை பூலோவில் செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளைப் பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். வரைபடத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் நடங்கள். தவறான பக்கம் திரும்பினால் பத்து நிமிடம் பொறுங்கள். அதுவரை கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும்.